கித்தேரி அம்மாள் - ஒன்பது பேரில் ஒருத்தி

தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் கடற்கரை ஊர்களில் பாட்டிமார்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். மரியாள், அந்தோணியம்மாள், சூசையம்மாள் என்று வரும் வரிசையில் திடீரென்று ஒரு கித்தேரியம்மாள் வருவார். யார் இந்தக் கித்தேரி? பைபிளில் தேடினால் கிடைக்க மாட்டார். ஏதோ கிராமத்து அம்மன் பெயர் மாதிரி இருந்தாலும் இது போர்ச்சுகீசியப் பெயர். கித்தேரியா. சாந்தியாகோ நம் ஊரில் சந்தியாகு ஆனது போல, செபாஸ்தியான் செபஸ்தியார் ஆனது போல, கித்தேரியா கித்தேரியம்மாள் ஆகிவிட்டார்.

இவர் கதையைத் தமிழில் பாடியவர் சாதாரண ஆள் இல்லை. வீரமாமுனிவர்! தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் "கித்தேரியம்மாள் அம்மானை" என்று ஒன்று இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த நாளே மறந்துவிடும் பெயர். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை லேசில் மறக்கக் கூடியது அல்ல.

கதை இதுதான். ரோமாபுரி ஆட்சிக் காலம். இன்றைய வட போர்ச்சுகலும் ஸ்பெயினின் கலீசியாவும் சேர்ந்த பகுதிக்கு லூசியஸ் கத்தேலியஸ் செவெருஸ் என்று ஒரு அதிகாரி. சில புத்தகங்களில் ஆளுநர், சிலவற்றில் அரசன். அவன் மனைவி கால்சியாவுக்கு ஒரே பிரசவத்தில் ஒன்பது பெண் குழந்தைகள்! கணவன் வெளியூரில் இருந்தான். ஒரே நேரத்தில் ஒன்பது பெற்றால் ஊர் என்ன சொல்லும்? நாய் பூனை மாதிரி ஈன்றிருக்கிறாள் என்று சிரிக்காதா? அவமானம் தாங்காமல் தாய் மருத்துவச்சியைக் கூப்பிட்டு, ஒன்பதையும் ஆற்றில் போட்டுவிடு என்றாள். மருத்துவச்சியின் பெயர் சீலா. அவள் மறைவாகக் கிறிஸ்தவளாக இருந்தவள். குழந்தைகளை ஆற்றுக்குக் கொண்டு போகாமல், கிறிஸ்தவப் பெண்களிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னாள்.

ஒன்பது பேரும் வளர்ந்தார்கள். ரோமக் கடவுள்களுக்குப் பலி கொடுக்க மறுத்தார்கள். பிடித்துக்கொண்டு போய் நிறுத்தப்பட்ட இடம், பெற்ற தகப்பனின் நீதிமன்றம். உண்மை தெரிந்ததும் அவன் சந்தோஷப்பட்டான். மதத்தை விட்டுவிடுங்கள், நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றான். இரண்டுக்குமே பெண்கள் மாட்டோம் என்றார்கள். சிறையில் அடைத்தான், தப்பித்தார்கள். ஒரு வடிவத்தில் இவர்கள் மற்றச் சிறைகளையும் உடைத்துக் கைதிகளை விடுவித்து மலைகளில் மறைந்திருந்து சண்டை போட்டதாகக் கூட வருகிறது. கடைசியில் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். கித்தேரியின் தலை வெட்டப்பட்டது. உத்தரவு கொடுத்தவன் தகப்பன். வெட்டுண்ட தலையைத் தானே கையில் ஏந்திக்கொண்டு, தன்னைப் புதைக்க வேண்டிய இடம் வரை நடந்து போனாள் என்று கதை முடிகிறது.

இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டால், வரலாற்று ஆசிரியர்கள் கொடுக்கும் பதில் ரொம்பச் சின்னது. கித்தேரி என்ற பெயர், அந்தப் பெயரில் ஒரு வழிபாடு, ஒரு கல்லறை. அவ்வளவுதான். காலமே ஒத்து வரவில்லை. போர்ச்சுகலில் சொல்லும் கதைப்படி கி.பி. 2ஆம் நூற்றாண்டு. தென்மேற்கு பிரான்ஸில் அதூர் நதிக்கரையில் உள்ள ஏர் என்ற ஊரில் கேட்டால் 5ஆம் நூற்றாண்டு; அங்கே அவர் கல்யாணத்துக்குப் பயந்து ஓடி வந்த இளவரசி. இரண்டு நாடு, இரண்டு காலம், நடுவில் முந்நூறு வருஷ இடைவெளி.

ஏர் ஊர் கோயிலின் நிலவறையில் அவருடையது என்று சொல்லப்படும் வெள்ளைப் பளிங்குக் கல்லறைப் பெட்டி இருக்கிறது. அது 4ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. அதாவது அந்த ஊர்க் கதையில் வரும் கித்தேரியை விட அவருடைய பெட்டிக்கு வயசு அதிகம்! பக்கங்களில் செதுக்கியிருப்பது நல்ல ஆயன், சிங்கங்களின் நடுவே தானியேல், உயிர்த்தெழும் லாசர், ஆதாம் ஏவாள். எல்லாம் அந்தக் காலத்து வசதியான கிறிஸ்தவர்கள் வழக்கமாகச் செதுக்கச் சொன்ன காட்சிகள். கித்தேரி பற்றி ஒரு கீறல் கூட இல்லை. வேறு யாரோ ஒரு பணக்காரருக்காகச் செய்த பெட்டி பிறகு அவருடையதாக ஆகியிருக்க வேண்டும். உள்ளே இருந்த எலும்புகளும் 16ஆம் நூற்றாண்டு மதச் சண்டையில் சிதறடிக்கப்பட்டன. இந்தக் கோயில் சாந்தியாகோவுக்கு நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதையில் இருக்கிறது. 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிரான்ஸ் பகுதிப் பாதையில் இதுவும் அடக்கம்.

அப்படியானால் அந்த ஒன்பது பேர்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஒன்பது சகோதரிகளில் பலர் முதலில் தனித்தனி ஊர்களின் தனித்தனிப் புனிதைகள். மரீனாவுக்குக் கலீசியாவில் தனிக் கோயில். அவர் தலை வெட்டுப்பட்டுத் தரையில் மூன்று முறை குதித்ததாகவும், குதித்த மூன்று இடத்திலும் ஊற்று கிளம்பியதாகவும் கதை. யூபேமியா, துரத்தி வந்தவர்களிடம் சிக்காமல் ஜெரேஸ் மலையுச்சியிலிருந்து குதித்தார். பாறை பிளந்து அவரை விழுங்கிக்கொண்டது. அங்கே வெந்நீர் ஊற்று வந்தது. ஊருக்கு ஒரு புனிதை, புனிதைக்கு ஒரு ஊற்று. இவர்கள் எல்லாரையும் பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து அக்கா தங்கைகள் ஆக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பத்து மைல் சுற்றளவில் இருக்கும் மாரியம்மன், காளியம்மன், செல்லியம்மன் எல்லாம் உடன்பிறந்தவர்கள் என்று எந்த ஊர்ப் பூசாரியைக் கேட்டாலும் சொல்வார். ஏரிக்கரையில் ஏழு கல் நட்டு வைத்தால் அது கன்னிமார். அங்கே ஒன்பது, இங்கே ஏழு.

சகோதரிகளில் இன்னொருத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிபராத்தா. இவர் கதை போகப் போக வில்ஜிபோர்ட்டிஸ் என்ற இன்னொரு புனிதையின் கதையோடு ஒட்டிக்கொண்டது. தகப்பன் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டான். பெண் இரவெல்லாம் ஜெபித்தாள்: யாரும் என்னை விரும்பாதபடி செய்துவிடு. விடிந்து பார்த்தால் முகத்தில் தாடி! மாப்பிள்ளை ஓடிவிட்டான். ஆத்திரத்தில் தகப்பன் அவளைச் சிலுவையில் அறைந்தான்.

இந்தத் தாடி எங்கிருந்து வந்தது? ஒரு சிற்பத்திலிருந்து. இத்தாலியின் லூக்கா நகரில் இயேசு கணுக்கால் வரை நீண்ட அங்கி அணிந்து சிலுவையில் தொங்கும் பழைய மரச் சிற்பம் ஒன்று இருக்கிறது. யாத்ரீகர்கள் மூலம் அதன் நகல்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின. வடக்கே இருந்தவர்களுக்கு இடுப்புத் துணி மட்டும் கட்டிய இயேசுவைத்தான் தெரியும். நீண்ட கவுன், முகத்தில் தாடி, சிலுவை... இது யாரோ ஒரு பெண் என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் தாடி முளைத்ததற்கு ஒரு கதை தேவைப்பட்டது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கதையைப் பார்த்துப் படம் வரைவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே படத்தைப் பார்த்துக் கதை பிறந்திருக்கிறது. வெனிஸில் ஹிரோனிமஸ் போஷ் வரைந்த சிலுவையேறிய பெண்ணின் ஓவியம் இவருடையதுதான் என்கிறார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தில் தாடியோடு சிலை இருக்கிறது. இங்கிலாந்தில் புருஷன் தொல்லை தாங்காத பெண்கள் இவருக்கு ஓட்ஸ் தானியம் காணிக்கை வைத்தார்களாம். தாமஸ் மோர் அதைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார்.

இங்கே ஒளவையாரை நினைக்காமல் இருக்க முடியுமா? கல்யாணம் நிச்சயமானதும் பிள்ளையாரிடம் போய் என் இளமையை எடுத்துக்கொள் என்று கேட்டு, அந்த நிமிஷமே கிழவியானவர். 1953இல் வந்த ஜெமினியின் "ஒளவையார்" படத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் கே.பி. சுந்தராம்பாள் திரையில் வருவார். காரைக்கால் அம்மையாரும் இதே வழிதான். அழகை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கினார். ஒரு பெண் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. அவள் உடம்பே மாறினால்தான் ஊர் நம்பும். லிஸ்பனுக்கும் காரைக்காலுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஒரே வித்தியாசம், ஒளவையாரும் அம்மையாரும் அதற்குப் பிறகு நிறையப் பாடினார்கள், யாரும் அவர்களைக் கொல்லவில்லை.

சரி, வீரமாமுனிவரிடம் வருவோம். இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680இல் பிறந்தவர், இயற்பெயர் பெஸ்கி. சேசு சபைத் துறவி. லிஸ்பனில் கப்பல் ஏறி, கோவா வந்து, 1711இல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அவர் ரொம்ப நெருக்கம். நெல்லிக்குப்பம், கடலூர் பக்கத்திலிருந்து ஜனவரித் திருவிழாவுக்குக் கூட்டம் போகும் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில், விருத்தாசலம் பகுதியில் அவர் கட்டியது. மாதாவுக்குப் புடவை கட்டித் தமிழ்ப் பெண்ணாக வடிக்கச் சொல்லி, மணிலாவில் சிலை செய்து வரவழைத்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

அவருடைய தேம்பாவணி 1726இல் முடிந்தது. 3615 விருத்தங்கள். புலவர்கள் உட்கார்ந்து உரை சொல்ல வேண்டிய நூல். அதே மனிதர் கித்தேரிக்கு எடுத்துக்கொண்ட வடிவம் அம்மானை! அம்மானை என்பது பெண்கள் காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும்போது பாடும் பாட்டு. மாணிக்கவாசகரே திருவம்மானை பாடியிருக்கிறார். பிற்காலத்தில் இதுவே நீண்ட கதைப்பாட்டாக வளர்ந்தது. திருமலை நாயக்கரின் தளபதி சேதுபதியோடு போட்ட சண்டையைச் சொல்லும் இராமப்பய்யன் அம்மானை எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். ஒருவர் படிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை பேதுருப் புலவர் 1647லேயே சந்தியோகு மாயோர் அம்மானை பாடிவிட்டார். அதுவும் வேதசாட்சி கதைதான். ஆக, வீரமாமுனிவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கதையை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சூசையப்பர் கதை புலவர்களுக்கு. கித்தேரி கதை திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பெண்களுக்கு. தேம்பாவணியை முழுக்கப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கித்தேரி என்று பெயர் வைக்க எந்தப் பெண்ணும் யாப்பு படிக்க வேண்டியிருக்கவில்லை.

(வேதசாட்சி என்ற சொல்லையும் கவனியுங்கள். மார்ட்டிர் என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் அந்த அர்த்தம் மறைந்து போய்விட்டது. தமிழ் அதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.)

கேட்டவர்களுக்கு இது எங்கோ நடந்த பழங்கதையாகவும் இருந்திருக்காது. வீரமாமுனிவர் வருவதற்கு 18 வருஷம் முன்புதான், 1693 பிப்ரவரி 4 அன்று, அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்தக் கொலைக்கும் மூலம் ஒரு கல்யாண விவகாரம். தடியத்தேவன் என்ற பிரமுகர் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். பிரிட்டோ போர்ச்சுகீசியர், கித்தேரியும் போர்ச்சுகல் நாட்டவர் என்று நம்பப்பட்டவர். மதம், கல்யாணம், அரச கோபம், வெட்டுண்ட தலை... மதுரை மிஷன் கிராமங்களில் இந்தச் சொற்கள் எல்லாம் அப்போது சூடு ஆறாத சொற்கள். (வீரமாமுனிவர் 1747இல் அம்பலக்காட்டில் காலமானதும் பிப்ரவரி 4 அன்றுதான் என்பது வெறும் தற்செயல்.)

இன்னும் உள்ளே போனால், குடும்பமே கொன்ற பெண்ணின் கதை தமிழ்க் கிராமத்துக்குக் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே பழக்கம். சொந்த அப்பனோ அண்ணன்களோ கொன்ற பெண், அந்தக் குடும்பத்துக்கே குலதெய்வமாக உட்கார்ந்திருக்கும் கோயில்கள் எத்தனையோ உண்டு. கொன்றவர்களின் வாரிசுகளே பயந்துகொண்டு பொங்கல் வைப்பார்கள். கித்தேரிக்கும் இந்தப் பெண்களுக்கும் உள்ள வேறுபாடு, கித்தேரி யாரையும் பழிவாங்க வருவதில்லை. அவரிடம் போவது நோய் தீர.

கதையின் இரண்டு கொலை முயற்சிகளும் கடலூர் மாவட்டத்தில் கதையாக மட்டும் இல்லை. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் குழந்தைகள் விகிதம் குறைந்ததால் 2011இல் கடலூர் மாவட்டத்துக்கும் கொண்டுவரப்பட்டது. சீலா செய்த வேலையை ஆஸ்பத்திரி வாசலில் வைத்த ஒரு தொட்டில் செய்ய வேண்டி வந்தது. அப்புறம் 2003 ஜூலை. கோணான்குப்பம் இருக்கும் அதே விருத்தாசலம் பகுதியில் புதுக்கூரைப்பேட்டை. சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பெண்ணுக்கும் பையனுக்கும் பெண்ணின் குடும்பத்தாரே விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 18 வருஷம் ஆனது. 2021 செப்டம்பரில் பெண்ணின் தகப்பன், அண்ணன் உட்படப் பதின்மூன்று பேருக்குத் தண்டனை. உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனையை உறுதி செய்தது. கித்தேரி கல்யாணம் வேண்டாம் என்றவள், இந்தப் பெண் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டவள். தகப்பன் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே ஆள்.

நோய் என்று சொன்னோமே, அது வெறிநாய்க்கடி. கித்தேரி இரண்டு வெறிநாய்களைத் தன் எச்சிலைக் கொண்டே அடக்கினார் என்று ஒரு கதை. அதனால் ஐரோப்பிய ஓவியங்களிலும் சிலைகளிலும் அவரை அடையாளம் கண்டுபிடிக்க நாயைத் தேடினால் போதும். காலடியில் ஒரு நாய், அல்லது கயிற்றில் கட்டிய நாய், கையில் வேதசாட்சிகளுக்கு உரிய குருத்தோலை. செபஸ்தியாருக்கு அம்பு எப்படியோ, இவருக்கு நாய் அப்படி. போர்ச்சுகலில் அலென்கேர் பக்கம் மேக்கா என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டில் அவருக்குப் பெரிய கோயில் கட்டினார்கள். அவர் திருநாள் மே 22. அந்த மாதம் சுற்றுவட்டார ஆடுமாடுகளை ஓட்டி வந்து மந்திரிக்கிற வழக்கம் உண்டு. இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போடும் வரை, வெறிநாய் கடித்தால் உலகத்தில் எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. தண்ணீரைக் கண்டு அலறிச் சாகும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய் வேறு யாரிடம் போவாள்? இந்தியாவில் அந்த ஊசிக்காக முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் கசௌலியில் வந்தது, தெற்கே குன்னூரில் 1907இல். அம்மானை கேட்ட பெண்களுக்கு நாயை அடக்கிய புனிதை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருப்பார் என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

போர்ச்சுகீசியக் கப்பல்கள் இந்தப் பெயரைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. பிரேசிலில் சியாரா மாநிலத்தில் சாந்தா கித்தேரியா என்று ஒரு நகரமே இருக்கிறது. அங்கே பாயியா மாநிலத்தில் 1792இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு மரியா கித்தேரியா என்று பெயர் வைத்தார்கள். 1822இல் போர்ச்சுகலுக்கு எதிரான சுதந்திரப் போருக்கு ஆள் எடுத்தபோது, போகக்கூடாது என்று அப்பா தடுத்தார். அவள் முடியை வெட்டிக்கொண்டு, சகோதரியின் புருஷனுடைய உடையைப் போட்டுக்கொண்டு, அவர் பெயரிலேயே படையில் சேர்ந்துவிட்டாள். அப்பா தேடிக்கொண்டு முகாமுக்கே வந்து, இது என் பெண் என்று போட்டு உடைத்தார். துப்பாக்கி சுடுவதில் அவள் திறமையைப் பார்த்திருந்த மேஜர், அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். 1823இல் பேரரசர் பெத்ரோ அவளுக்குப் பதக்கம் அணிவித்தபோது அவள் கேட்டது, தன்னை மன்னித்து வீட்டில் சேர்த்துக்கொள்ளும்படி அப்பாவுக்கு ஒரு கடிதம். பேரரசர் எழுதிக் கொடுத்தார்.